மூன்றாவது வீரர் எங்கே?

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் திருப்பதி தாரகராமா விளையாட்டரங்கில் தேசிய அளவிலான மாவட்டங்களிடை இளையோர் தடகளப் போட்டி நடைபெற்றது. ஏறத்தாழ ஐந்நூறு மாவட்டங்களிலிருந்து சிறுவர் சிறுமியர் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தனர். மலைக்குப் போகும் பக்தர் கூட்டத்துக்குப் பழகிப்போன திருப்பதிக்கு அது ஒரு புது மாதிரியான கூட்டம். அவர்களில் பெரும்பாலோர் ஒரு போட்டிக்கு அல்லது இரண்டு போட்டிகளுக்கு வந்தவர்கள். ஓடுகிறவர் ஓடினார், எறிகிறவர் எறிந்தார், தாண்டுகிறவர் தாண்டினார். ஓடவும் எறியவும் தாண்டவும் ஒருசேரத் தெரிந்த பிள்ளையை எங்கே தேடுவது, எப்படி வளர்ப்பது என்ற கேள்வி மட்டும் இந்தியத் தடகளத்தில் பல காலமாக விடையில்லாமல் நிற்கிறது.

ஆண்களுக்கு டெகத்லான், பெண்களுக்கு ஹெப்டத்லான் என்று உலகம் அழைக்கும் பல்திறப் போட்டிகளைத்தான் இங்கே குறிப்பிடுவது. டெகத்லானில் பத்துப் போட்டிகள், இரண்டு நாட்கள். முதல் நாள் 100 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், 400 மீட்டர் ஓட்டம். மறுநாள் 110 மீட்டர் தடை ஓட்டம், வட்டு எறிதல், கோலூன்றித் தாண்டுதல், ஈட்டி எறிதல், எல்லாம் முடிந்து உடம்பில் உயிர் மட்டும் மிச்சமிருக்கும்போது 1500 மீட்டர் ஓட்டம். பெண்களுக்கு ஏழு போட்டிகள். கடைசியில் 800 மீட்டர். ஒவ்வொன்றிலும் எடுத்த நேரம், எட்டிய தூரம், தாண்டிய உயரம் ஆகியவற்றை ஓர் அட்டவணைப்படி புள்ளிகளாக மாற்றிக் கூட்டுகிறார்கள். ஓட்டத்தில் முந்தியவர் ஜெயித்தவர் அல்லர். கூட்டுத்தொகையில் முந்தியவரே ஜெயித்தவர். கணக்கு எழுதிப் பழகிய குமாஸ்தாக்களுக்கு இதைவிட ருசியான விளையாட்டு வேறு இருக்க முடியாது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இந்தப் போட்டிகளை ஒரு நாட்டின் தடகள வலிமைக்கு உரைகல்லாகக் கொள்வது நியாயமானதே. ஒரு நல்ல ஓட்டக்காரர் எந்தக் கிராமத்திலும் தானாகப் பிறந்துவிடுவார். செருப்பில்லாமல் ஓடியே பெயர் வாங்கியவர்கள் உண்டு. கோலூன்றித் தாண்டுகிறவர் அப்படிப் பிறக்க மாட்டார். அவருக்குக் கோல் வேண்டும், விழுவதற்கு மெத்தை வேண்டும், கூடவே நின்று சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். பத்தும் தெரிந்த ஒருவரை ஒரு நாடு உருவாக்கியிருக்கிறது என்றால், அந்த நாட்டில் பத்துக்கும் மைதானமும் ஆசிரியரும் இருக்கிறார்கள் என்று பொருள்.

ஆனால் வலிமையை எப்படி அளப்பது? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

பதக்கப் பட்டியல் சொல்லும் பொய்

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் டெகத்லான் தங்கத்தை நார்வேயின் மார்கஸ் ரூத் 8796 புள்ளிகளுடன் வென்றார். ஜெர்மனியின் லியோ நாய்கபவர் 8748 புள்ளிகளுடன் இரண்டாமவர். மூன்றாவதாக வந்த லிண்டன் விக்டர், கிரனடா என்ற குட்டித் தீவு நாட்டைச் சேர்ந்தவர். அவருக்கு 8711 புள்ளிகள். திருப்பதி நகர ஜனத்தொகையில் பாதிகூட அந்த நாட்டில் கிடையாது. மகத்தான சாதனைதான், சந்தேகமில்லை. ஆனாலும் அவர் அமெரிக்கக் கல்லூரியில் தேறியவர். அவருக்குப் பின்னால் அதே தரத்தில் நான்கைந்து பேர் வரிசையில் நிற்கவில்லை.

அதே பாரிசில் எஸ்டோனியா என்ற நாட்டிலிருந்து மூன்று பேர் டெகத்லானில் கலந்துகொண்டனர். ஒரு நாடு அனுப்பக்கூடிய அதிகபட்ச எண்ணிக்கையே மூன்றுதான். மூவரில் ஒருவரும் மேடை ஏறவில்லை. எனவே பதக்கப் பட்டியலைப் பார்ப்பவர் கிரனடாவை மேலாகவும் எஸ்டோனியாவை வெறும் சைபராகவும் எண்ணுவார். இது எவ்வளவு தவறு! பிரிக்கப்படாத சித்தூர் மாவட்டத்தின் ஜனத்தொகை 2011 கணக்கெடுப்பில் 41 லட்சத்தைத் தாண்டியது. எஸ்டோனியா நாடு முழுவதும் சேர்ந்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அந்தப் பிடி மண்ணிலிருந்து எர்க்கி நூல் 2000இல் சிட்னி ஒலிம்பிக் தங்கத்தை 8641 புள்ளிகளுடன் கொண்டு போனார். மைசல் உய்போ 2019இல் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். யோஹானஸ் எர்ம் 2024இல் ரோமில் 8764 புள்ளிகள் எடுத்து ஐரோப்பிய சாம்பியன் ஆனார். ஒருவர் போனால் அடுத்தவர், அவர் போனால் இன்னொருவர். வலிமை என்று சொல்லத் தகுந்தது இதுவே.

ஐரோப்பியர்கள் இதை எப்போதோ உணர்ந்துகொண்டனர். 1973 முதல் அவர்கள் நடத்திவந்த பல்திறப் போட்டிக்கான ஐரோப்பியக் கோப்பையில், ஒரே வீரரின் புள்ளியை வைத்து நாட்டுக்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு நாட்டின் சிறந்த மூன்று பேரின் புள்ளிகளைக் கூட்டினார்கள். முதல் வீரர் எத்தனை பெரிய சூரராக இருந்தாலும் மூன்றாமவர் பாதியில் விலகினால் கோப்பை கை நழுவும். குடும்பத்தில் ஒருவர் கலெக்டராக இருப்பதாலேயே குடும்பம் படித்த குடும்பம் ஆகிவிடுமா? மூன்றாவது தம்பி என்ன படித்திருக்கிறான் என்று கேட்டால்தான் உண்மை விளங்கும்.

புள்ளி அட்டவணையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ரேஃபர் ஜான்சனும் தைவானின் சி.கே. யாங்கும் மோதினர். இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே ஆசிரியரிடம் பயின்ற நண்பர்கள். பத்தில் ஏழு போட்டிகளில் யாங் முந்தினார். எறியும் போட்டிகளில், அதிலும் குண்டு எறிதலில், ஜான்சன் அடித்துக்கொண்டு போன புள்ளிகள் ஏராளம். முடிவில் 58 புள்ளிகள் வித்தியாசத்தில் ஜான்சனுக்கே தங்கம். 1963இல் யாங் புதிய இழைக் கோலைக் கொண்டு 4.84 மீட்டர் தாண்டி, 9121 புள்ளிகளுடன் உலக சாதனை படைத்தார். அவர் தாண்டிய உயரம் அன்றைய அட்டவணையிலேயே இல்லை! மறுவருஷமே அட்டவணையை மாற்றினார்கள். அதே சாதனை காகிதத்தில் ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் சுருங்கிப் போயிற்று. டோக்கியோ ஒலிம்பிக்கில் யாங் ஐந்தாவதாகவே வர முடிந்தது. ஆசியாவின் முதல் மாபெரும் பல்திற வீரருக்கு நேர்ந்த கதி இது. இப்போது உள்ள அட்டவணை 1985 முதல் நடைமுறையில் இருக்கிறது. எனவே அதற்கு முன்னும் பின்னும் வந்த எண்களை நேருக்கு நேர் வைத்துப் பேசுவது சரியாகாது.

இந்தியா நிற்கும் இடம்

ஆசிய அளவில் இந்தியாவுக்கு இந்தப் போட்டிகளில் ஒரு கௌரவமான பாரம்பரியம் உண்டு. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் குர்பச்சன் சிங் ரந்தாவா டெகத்லான் தங்கம் வென்றார். 1974இல் டெஹ்ரானில் விஜய் சிங் சௌகான் தங்கமும், கேரளத்தின் சுரேஷ் பாபு வெண்கலமும் வாங்கினர். ஒரே போட்டியில் இருவர் மேடையில்! 1981இல் டோக்கியோவில் நடந்த ஆசிய சாம்பியன் போட்டியில் சபீர் அலி தங்கம் எடுத்தார். டெஹ்ரானுக்குப் பிறகு ஆசிய விளையாட்டு டெகத்லானில் அடுத்த இந்தியப் பதக்கம் வர எத்தனை காலம் ஆயிற்று? 49 ஆண்டுகள். டெஹ்ரானில் கை தட்டிய இளைஞர்கள் பேரன் எடுத்த பிறகுதான் அது வந்தது.

அந்தப் பதக்கத்தைக் கொண்டு வந்தவர் டெல்லியில் பிறந்து வளர்ந்த தமிழர், தேஜஸ்வின் சங்கர். வெளி மாநிலத்தில் வாழும் தமிழர்கள் இந்தப் பெயரை உரிமையோடு உச்சரிப்பதில் வியப்பில்லை. பள்ளியில் கிரிக்கெட் பந்து வீசிக்கொண்டிருந்த பையனின் உயரத்தைப் பார்த்து, உயரம் தாண்டும் பக்கம் திருப்பி விட்டவர் உடற்பயிற்சி ஆசிரியர். தந்தையை இளமையிலேயே இழந்தவர். 2018இல் 2.29 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் உயரம் தாண்டுதலில் வெண்கலம். அமெரிக்காவில் படித்து, கணக்குத் தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே பத்துப் போட்டிக்குப் பயிற்சி செய்தார். 2023இல் ஹாங்சோவில் 7666 புள்ளிகளுடன் வெள்ளி. 2025இல் போலந்தில் அதை 7826 ஆக உயர்த்தினார்.

பெருமைப்பட வேண்டியதுதான். பெருமைப்பட்டு முடிந்ததும் கணக்கைப் பார்க்கவும் வேண்டும். ஹாங்சோவில் அவர் முறியடித்த தேசிய சாதனை 2011இல் பாரதிந்தர் சிங் எடுத்த 7658. பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தியா கண்ட முன்னேற்றம் எட்டுப் புள்ளிகள்! கடைசி 1500 மீட்டர் ஓட்டத்தில் ஒன்றேகால் விநாடி வேகமாக ஓடினால் கிடைக்கும் புள்ளிகள் அவை. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற வைத்த எல்லை 8460. ஆசிய சாதனை, கஜகஸ்தானின் திமித்ரி கார்பொவ் 2004இல் எடுத்த 8725. ஒரு தேஜஸ்வின் இவற்றை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறார். அவரோடு தோளோடு தோள் நின்று ஓட மூன்றாவது ஆள் எங்கே, இரண்டாவது ஆள்தான் எங்கே?

பெண்கள் பக்கம் நிலைமை இதைவிடத் தேவலை. 2002 புசானிலும் 2006 தோகாவிலும் சோமா பிஸ்வாஸ் வெள்ளி, ஜே.ஜே. ஷோபா வெண்கலம் என்று இரண்டு முறை இருவராக மேடை ஏறினர். அதுவே இந்தியப் பல்திறப் போட்டியின் பொற்காலம் எனலாம். 2010இல் பிரமிளா ஐயப்பா வெண்கலம் வாங்கினார். 2018இல் ஜகார்த்தாவில் ஸ்வப்னா பர்மன் 6026 புள்ளிகளுடன் தங்கம். தந்தை ரிக்‌ஷா வண்டிக்காரர், தாய் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. இரு கால்களிலும் ஆறு ஆறு விரல்கள். சாதாரணக் காலணி காலைக் கடிக்கும். பல்வலிக்குக் கன்னத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் ஏழு போட்டிகளையும் முடித்ததைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஹாங்சோவில் இந்தியாவின் நந்தினி அகசரா 5712 புள்ளிகளுடன் வெண்கலம். ஸ்வப்னா 5708 புள்ளிகளுடன் நான்காவது. நான்கு புள்ளி என்பது 800 மீட்டர் ஓட்டத்தில் விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. இருவரின் புள்ளிகளையும் கூட்டினால் 11,420. பாரிசில் தங்கமும் வெண்கலமும் வாங்கிய பெல்ஜியத்தின் நஃபி தியாம், நூர் விட்ஸ் இருவரின் கூட்டுத்தொகை 13,587. ஆளுக்கு ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் பின்தங்கல். நந்தினி 2025இல் ஆசிய சாம்பியன் பட்டம் வென்றபோது எடுத்தது 5941. ஷோபா 2004இல் டெல்லியில் எடுத்த 6211 என்ற தேசிய சாதனையை அதுவும் தொடவில்லை. தாய் நிறுத்திய இடத்தை மகள் எட்டாத கதையாக இருக்கிறது.

கோல் இல்லாத ஊர்

எங்கே புள்ளிகள் போகின்றன என்று பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். டெகத்லானில் கோலூன்றித் தாண்டுதலில் 4 மீட்டருக்குக் கிடைப்பது 617 புள்ளிகள். 5 மீட்டருக்கு 910. ஒரே போட்டியில் 293 புள்ளிகள் பறிபோகின்றன! உயரம் தாண்டுதலில் 2.21 மீட்டர் தாண்டினால் ஆயிரம் புள்ளிகளுக்குச் சற்று மேல் கிடைக்கும். அதில் தேஜஸ்வினுக்குக் கவலை இல்லை. கோல்தான் அவரை இழுத்துப் பிடிக்கிறது. இந்தியப் பல்திற வீரர்கள் பலரின் தலையெழுத்தும் அதுவே. காரணம் திறமைக் குறைவு அன்று. சிறு வயதில் கோலைத் தொட்டவனுக்குத்தான் அது பழகும். இருபது வயதுக்கு மேல் கற்றுக்கொள்வது, வயதான பிறகு நீச்சல் கற்றுக்கொள்வது போல.

இதில் வேதனை தரும் வேடிக்கை ஒன்று உண்டு. இந்தியாவில் கோலூன்றித் தாண்டுவதில் தமிழ்நாடு முன்னணி மாநிலம். சுப்பிரமணி சிவா 2022இல் தேசிய விளையாட்டில் 5.31 மீட்டர் தாண்டினார். பெண்களில் சுரேகா 2014இல் வைத்த 4.15 மீட்டர் சாதனையை ரோசி மீனா 2022இல் 4.20 தாண்டி முறியடித்தார், இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். கோல் தெரிந்த ஆசிரியர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். டெகத்லான் வீரர்களோ அரியானாவிலும் கேரளத்திலும் பிற இடங்களிலும் சிதறிக் கிடக்கிறார்கள். வருஷத்தில் இரண்டு மாதம் இவர்களை அவர்களிடம் அனுப்பி வைக்க ஒரு ரயில் டிக்கெட்டும் தங்க இடமும் போதாதா? ஐந்து மீட்டர் நீளக் கோலை ரயிலில் ஏற்றுவது பெரும்பாடுதான். ஆளை ஏற்றுவது அப்படியல்லவே!

சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நகரி, புத்தூர் தறிக்கூடங்களிலும், சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைகளிலும், ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளிலும், ரேணிகுண்டா ரயில்வேயிலும், திருப்பதி ஓட்டல்களிலும் உழைக்கிற தமிழ்க் குடும்பங்களில் பள்ளி விளையாட்டு விழாவன்று கோப்பையுடன் வீடு திரும்பும் பிள்ளைகள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ‘தனிநபர் சாம்பியன்’ என்று ஒரு பரிசு தருவார்களே, 100 மீட்டரிலும் நீளம் தாண்டுதலிலும் குண்டு எறிதலிலும் முதல் வந்த பிள்ளைக்கு? அந்தப் பிள்ளைதான் பல்திறப் போட்டியின் விதை. விதையை அலமாரியில் கோப்பையோடு பூட்டி வைத்துவிட்டு, பத்தாம் வகுப்பு வந்ததும் மைதானத்துப் பக்கம் போகாதே என்கிறோம்.

பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிச்சம் என்ன என்று அவர்களுக்குத்தான் தெரியும். விளையாட்டு சோறு போடுமா என்ற கேள்வி நியாயமான கேள்வி. ஷோபாவுக்குத் தென் மத்திய ரயில்வேயில் வேலை கிடைத்தது உண்மை. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறியும்போது கணுக்கால் பிசகி, தூக்கிச் செல்லப்பட்டு, கட்டுப் போட்ட காலோடு திரும்பி வந்து 800 மீட்டர் ஓடி, 6172 புள்ளிகளுடன் பதினோராவது இடம் பிடித்த பெண் அவர். ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கும் என்று ஆசை காட்டுவது மோசடி. நந்தினியின் தந்தை செகந்திராபாத்தில் டீக்கடை நடத்துபவர். அந்தப் பெண் வளர்ந்தது தெலங்கானா அரசின் சமூகநல உறைவிடப் பள்ளியில். படிப்பும் சோறும் மைதானமும் ஒரே வளாகத்தில் கிடைத்தன. படிப்பா விளையாட்டா என்ற சண்டை அங்கே எழவில்லை. ஆந்திரத்திலும் அத்தகைய குருகுலப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன், மைதானம் உண்டா, உடற்பயிற்சி ஆசிரியர் உண்டா என்று பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கணக்கு வாத்தியார் உண்டா என்று கேட்கிறோம் அல்லவா, அதுபோல.

தமிழ்ப் பிள்ளை ஆந்திரச் சட்டை அணிந்து ஓடுவதா என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தேஜஸ்வின் டெல்லிப் பள்ளிகளுக்காகத் தாண்டித்தான் மேலே வந்தார். அதனால் அவர் வீட்டுத் தமிழ் குறைந்து போகவில்லை. எந்த மாவட்டத்தில் பள்ளியில் படிக்கிறானோ அந்த மாவட்டத்துக்காக ஓடட்டும். 2022இல் சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. முன்பு ஓர் அணி போன இடத்துக்கு இப்போது இரண்டு அணிகள் போகலாம். இந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு இது லாபமே.

இடையூறாக இருக்கும் விதி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பல பள்ளிப் போட்டிகளில் ஒரு மாணவர் மூன்று தனிப் போட்டிகளுக்கு மேல் கலந்துகொள்ளக் கூடாது. ஒரே பிள்ளை எல்லாப் பரிசையும் அள்ளிக்கொண்டு போகாமல் பலருக்கும் வாய்ப்புக் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் வந்த விதிதான். ஆனால் பலவற்றிலும் வல்ல பிள்ளையை அது ஒன்றிரண்டில் அடைத்து விடுகிறது. விதியை நீக்க வேண்டியதில்லை. பல்திறப் போட்டி என்று தனியாக ஒன்றை வைத்துவிட்டால் போதும்.

அதற்கு வழியும் திறந்தே இருக்கிறது. 2023இல் பாட்னாவில் நடந்த மாவட்டங்களிடை இளையோர் போட்டியில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ‘டிரையத்லான்’ என்ற பெயரில் ஓட்டமும் தாண்டுதலும் எறிதலும் கலந்த மும்முனைப் போட்டிகள் வைக்கப்பட்டன. கோல் வேண்டாம், மெத்தை வேண்டாம். மணல் குழி, அளவு நாடா, ஒரு ரப்பர் பந்து, விநாடி காட்டும் கடிகாரம், புள்ளி அட்டவணை ஆகியவை போதும். கூட்டல் போட ஒரு பொறுமைசாலி வேண்டும். கூட்டல் போடுவதற்குத் தமிழ்க் குமாஸ்தாக்கள் இந்த வட்டாரத்தில் குறைவில்லை. சித்தூரிலும் திருப்பதியிலும் பள்ளி விளையாட்டு விழாக்களை நடத்துகிறவர்களைப் பெற்றோர்களும் தமிழ்ச் சங்கங்களும் அணுகி, அடுத்த பருவத்து நிகழ்ச்சி நிரலில் இந்த ஒரு போட்டியைச் சேர்க்கும்படி கேட்கலாம். கேட்கும்போது முதல் பரிசு மட்டும் போதாது, பள்ளிக்கான கேடயத்துக்கு மூன்று பிள்ளைகளின் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.